ஒரு வரி குறைகிற ஆசி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பக்கத்துக் கட்டிலிலிருந்து திருடியது. பக்கவாதம் வந்து, சொன்ன பேச்சைக் கேட்காத இடது காலோடு காரகோல் என்ற எங்கள் மலையூரின் மருத்துவமனையில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒமுர்ஸாக், கால்நடை மருத்துவர். அதே நோய் அவருக்கு வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது ஒரே சொல்: 'இல்லை'. தேநீர் வேண்டுமா என்றால் இல்லை; குடித்துவிட்டு இன்னொரு கோப்பைக்குக் கை நீட்டும்போதும் இல்லை.

2

இப்படித் தொடங்கினேன்: தியான்ஷான் சிகரங்களில் பனி உருகும் வேளையில், மௌனமே உருவான ஒரு மனிதர்...

(நிறுத்திவிட்டேன். எங்கள் ஜன்னலில் தெரிந்தது நிலக்கரிக் குவியல்.)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ஒமுர்ஸாக்கின் மகள் கல்யாணத்தை உறுதி செய்ய சம்பந்தி வீட்டார் மருத்துவமனைக்கே வருகிறார்கள். எல்லோரும் கைகளை ஏந்தி நிற்க, மகளுக்கு அப்பா ஆசி சொல்ல வேண்டும். முடியாவிட்டால் அவருடைய அண்ணன் சொல்வதாக ஏற்பாடு. அண்ணன் பேச்சை எடுத்தாலே ஒமுர்ஸாக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

3

இசை சிகிச்சை தரும் நூர்ஸாத்தை முதல் வரைவில் தேவதையாக எழுதியிருந்தேன். நம்பும்படி இல்லை. நிஜத்தில் எப்போதும் சளி, எப்போதும் கண்டிப்பு. மூளையில் பேச்சு குடியிருந்த பக்கம் இடிந்தாலும் பாட்டு மறுபக்கத்திலும் குடியிருக்கிறது, அந்த வாசல் வழியாகப் பேச்சை வெளியே கூப்பிடலாம் என்பாள். ஆறு வாரம் அவருடைய இடது கையை மேசையில் தட்டவைத்து, தட்டுக்கு ஓர் அசையாகப் பாடினாள். எல்லாம் அவரைப் புகழும் பாட்டு.

(தவறு அங்கேதான். எங்கள் ஊரில் புகழ்ந்து பாடினால் தலை குனிந்து கேட்பதுதான் மரியாதை. கேலி செய்து பாடினால்தான் பாட்டிலேயே பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாதவன் தோற்றவன். இது நூர்ஸாத்துக்கும் தெரியும். ஆனால் நோயாளியைப் போய் யார் கேலி செய்வார்கள்?)

4

மனைவி செய்வாள். வியாழக்கிழமை மதியம் ஸூராகான் பொரித்த ரொட்டியோடு வந்தாள். புகழ்ச்சியைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பொறுக்கவில்லை. அவர் தட்டிய தாளத்திலேயே எடுத்தாள்:

"ஊர்க்குதிரைக்கெல்லாம் ஊசி போட்டீங்க,
ஒத்த வார்த்தைக்கு ஏன் ஒளிஞ்சுக்கிட்டீங்க?"

அவர் கை நிற்கவில்லை. காது சிவந்தது. பிறகு, கரகரவென்று:

"ஊசிய கண்டதும் ஓடினவ யாரடி?
ஓரமா நின்னுக்கிட்டு ஒன் வாய மூடடி."

(இந்த இடத்தில் ஓர் உவமை வைத்திருந்தேன். நான் அழுதுகொண்டிருந்ததால் அது சரியாக அமையவில்லை.)

"வாய் வந்ததும் மொதல் வேலை என்னைய வையறதா?" என்று ஸூராகான் ரொட்டியை அவர் வாயில் திணித்தாள்.

வரைவைப் படித்த நூர்ஸாத்துக்குக் கோபம். "அந்தக்கா ரெண்டு வரியில ஜெயிச்சிட்ட மாதிரி எழுதியிருக்கீங்களே அண்ணே, ஆறு வாரமா தாளம் ஏத்தினது யாரு?" நியாயம். சேர்த்துவிட்டேன்.

5

முடிவு ஒன்று: சனிக்கிழமை அவர் கணீரென்று பேசுகிறார். பொய். பாடினால்தான் வருகிறது; பேசினால் இன்னும் 'இல்லை'தான்.

முடிவு இரண்டு: அண்ணன் எழுந்து, தொண்டையைச் செருமி... கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. மருத்துவமனைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கைகளை ஏந்தினோம். உயிரற்ற வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார் ஒமுர்ஸாக். தட்டக் கை இல்லை. ஸூராகான் அவர் தோளில் தட்டினாள். அவர் பாடினார். வந்த மெட்டு ஒன்றே ஒன்று, வியாழக்கிழமைக் கேலி மெட்டு. மகளுக்கு ஆறு வரி ஆசி. அண்ணன் வாய் பிளந்து நின்றார். மெட்டு சும்மா விடுமா? கடைசி இரண்டு வரியில் சம்பந்தியைப் பிடித்தது:

"பிள்ளைங்க வாழட்டும், பெருகட்டும் மந்தை;
பேச்சையே காணுமே, மாப்பிள்ளை தந்தை?"

கூடமே சிரித்தது. ஆனால் கேலிக்குப் பதில் வராமல் ஆசி முடியாது. முடியாமல் கையை இறக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து பாடாத சம்பந்திக்கு வியர்த்தது. முதல் வரியை எப்படியோ தேற்றினார்:

"பேசத்தான் வந்தேன், பெரியவரே, ஆனா..."

அவ்வளவுதான். தேடுகிறார். எங்களைப் பார்க்கிறார். இப்போது உங்களையும். அடுத்த வரி என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். எல்லோருக்கும் கை வலிக்கிறது, ஒமுர்ஸாக்கோ அடுத்த கேலிக்கு வாயைத் திறந்துவிட்டார்.