பதினொரு மணி வரை இருபத்தாறு

...ஆகையால் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுவிடுவதே முறை, கதை எழுதுகிறவர்களின் வரிசையில் வந்து நிற்கும் தகுதி எனக்கில்லை, இதுவரை நானாக எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டுமே, அவற்றிலும் ‘பணிவுடன்’ என்ற சொல்லை இரண்டு முறை எழுதிவிடுவேன் என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள்; இருந்தாலும் அந்த ஒரு காலையில் நாற்பது நிமிட நேரம் என் தலைக்குள் ஓடியதை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் மனம் ஒரு நிலையில் நிற்காது போலிருக்கிறது, பொறுத்தருள வேண்டும். இதோ, மணி பத்து இருபது. குடிநீர் வாரியத்தின் புகார்க் கூடம், மூன்றாம் மாடி, இருபத்து மூன்று மேசைகள், இருபத்து மூன்று தொலைபேசிகள், இரண்டு ஏ.சி. இயந்திரங்கள், அவற்றில் ஒன்று, நாங்களே நிறுத்திவைத்ததால், இன்றோடு பத்தாவது நாளாக வாய்மூடி இருக்கிறது, மற்றொன்று இருபத்தாறு டிகிரியில் மெல்ல மூச்சுவிடுகிறது. பதினொரு மணிக்குக் கண்காணிப்பாளர் வருவார். அதுவரை எங்களில் ஒருவர்கூட ‘புழுங்குது’ என்றோ ‘நடுங்குது’ என்றோ சொல்லாதிருந்தால், மூன்றாவதாகப் பெரிய ஏ.சி. ஒன்று வாங்குவதற்கான ஆணை ரத்து, இது நான் கேட்டு அவர் ஒப்புக்கொண்டது. ஒரே ஒருவர் சொன்னாலும் கடிதம் இன்றே போய்விடும். நான் என் புதிய இருக்கையில், வெயில் படும் சன்னலோரத்தில், முதுகு இதமாக உட்கார்ந்திருக்கிறேன்... இவ்வளவு பெரிய காரியத்தில் என்னை இழுத்துவிட்டது யார், நானேதானா?

காதில் ஒரு குரல் வெடிக்கிறது, “ஏம்மா, மூணு நாளா குழாயில காத்துதான் வருது, நீங்கல்லாம் ஏ.சி.ல உக்காந்துகிட்டு என்னதான் பண்றீங்க?” என்கிறது, ஐயா, சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறேன், அவர் இன்னும் நாலு வார்த்தை திட்டுகிறார், மூச்சு வாங்குவதற்காக நிறுத்துகிறார், அந்த இடைவெளியில், வீட்டில் இப்போது எத்தனை குடம் மிச்சமிருக்கிறது என்று கேட்கிறேன், உடனே குரல் இறங்கிவிடுகிறது, “ஒண்ணுதாம்மா, அதுவும் பாதி” என்கிறார், லாரிக்குப் பதிவு செய்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு முன் பயிற்சி வகுப்பு எடுக்க வந்த அம்மையார், பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது என்று ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டிவிட்டு, எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, உங்களுக்கு எது நன்றாக வருமோ அதை எழுதுங்கள், அதை வைத்தே மின்சாரத்தை மிச்சம்பிடிக்கத் தொடங்குவோம், வராததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். எதிர்மேசைத் தம்பி படம் வரைவேன் என்று எழுதினான், தலைமை எழுத்தர் சார் யோசிக்காமல் ‘தலைமை’ என்று எழுதினார், நான் ‘பொறுமை’ என்று எழுதி, தற்புகழ்ச்சியாகத் தோன்றவே அடித்து, சீட்டை அப்படியே மடித்துக் கொடுக்கப் போனேன். வலப்பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கை நீண்டு அதைப் பிடுங்கிற்று. “இவளுக்கு நல்லா கேக்கத் தெரியும்” என்று என் சீட்டில் அவள் எழுதிக் கொடுத்தாள், பதினொரு ஆண்டுகளாக என் பக்கத்தில் இருந்தவள், எந்நேரமும் கோப்பு அட்டையால் விசிறிக்கொள்வதால் கூடத்தில் அவளுக்குக் காத்தாடி என்று பெயர், சித்திரையிலும் சால்வை போர்த்துவதால் எனக்குக் கம்பளி.

கேட்கத் தெரிந்தவள் கேட்டுத்தானே ஆக வேண்டும்? எங்கள் கூடத்தின் ஏ.சி. சண்டை ஊரறிந்தது, ரிமோட் காணாமற்போகும், கிடைக்கும், மறுபடி காணாமற்போகும், எப்போது பார்த்தாலும் பதினெட்டில் நிற்கும், வெளியே தார் உருகும் வெயிலில் உள்ளே ஐந்து பேர் சுவெட்டரில் இருப்போம், அப்படியும் பாதிப்பேர் புழுங்குகிறது என்பார்கள், அதனால்தான் மூன்றாவது இயந்திரம் என்ற பேச்சே எழுந்தது. நான் தேநீர் நேரத்தில் ஒவ்வொருவராகப் பிடித்தேன், சூடா குளிரா என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் கட்சி கட்டிவிடுவார்கள், எந்த நேரத்தில் கஷ்டம், அப்போது எங்கே இருந்து வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன், மன்னிக்கவும், ஒரு நிமிடம் என்று ஆரம்பித்து. தலைமை எழுத்தர் படியேறி வருவதால் முதல் அரை மணி மட்டும் வேகிறார், பிறகு அவருக்கு எதுவுமே வேண்டாம். எதிர்மேசைத் தம்பிக்குப் பிடரியில் வெயில், ஒரு திரைச்சீலை போதும். ஓய்வுபெற இரண்டு மாதமே இருக்கும் அக்கா, “எனக்குக் குளிரும் இல்ல சூடும் இல்லம்மா, அந்த மிஷின் போடுற சத்தத்துல போன்ல பேசுறவங்க அழுவுறாங்களா திட்டுறாங்களான்னே தெரியல, அதான்” என்றார், இதை இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை அக்கா என்றேன், “யாரு கேட்டா?” என்றார். ஒன்பது நாளில் இருபத்தொரு பேர் முடிந்தார்கள். பாக்கி நானும் அவளும், எங்களுக்குள் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் கடைசிக்கு விட்டிருந்தேன்... அப்படித்தானா, அல்லது பயமா?

“உண்மையச் சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?” என்றாள். “சொல்லுடி” என்றேன். “ரிமோட்ட ஒளிச்சு வெச்சுப் பதினெட்டுல வெக்கிறது நான்தான்.” “எதுக்குடி?” “என்ன பண்ணச் சொல்ற, என் இடது காலுக்கு மட்டும் அனல் அடிக்குது, உடம்புல ஏதோ கோளாறுன்னு நெனச்சு டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்துட்டேன், ஒரு காலுக்கு மட்டும் சூடு வருதேன்னு அவரும் முழிச்சாரு.” அவளுடைய இடது கால் எனக்கு வலப்புறம். என் மேசைக்கடியில், குப்பைக்கூடைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், நாலு வருடமாக ஒரு சின்ன ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினெட்டின் குளிர் தாங்காமல் நான் வைத்தது. அதன் சூடு தாங்காமல் அவள் பதினெட்டு வைத்தது. எது முதலில்? என்னைப் பார்த்துப் பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் ஹீட்டர் வைத்திருந்தார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கூடையை நகர்த்திக் காட்டினேன், அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், “அடிப்பாவி, அந்த டாக்டருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்றாள், இருவருக்கும் சிரிப்பு அடங்கவேயில்லை, ஹெட்போன் கழுத்தில் சரிந்து, கண்ணில் நீர் வந்து... பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கும்மா, ஒரே ரூம்ல அடுப்பையும் மூட்டி ஐஸும் வெச்சிருக்கீங்க, கரண்ட் மீட்டர் பாவம் இல்லையா?” என்றார். கூடத்தின் சண்டை என்று நான் ஒன்பது நாளாக விசாரித்தது எங்கள் இருவரின் சண்டை, அதுவும் இருவருக்குமே தெரியாமல் போட்டுக்கொண்டது, எவ்வளவு மரியாதையான சண்டை.

அன்று மாலையே இருக்கை வரைபடம் போட்டேன். மற்ற இருபத்தொரு பேரையும் பென்சிலில் எழுதினேன், எங்களை மட்டும் பேனாவில், பக்கத்துப் பக்கத்து மேசையில். எழுதும்போது எனக்கு அது தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. ஹீட்டர்கள் போனால் ஒரு ஏ.சி. போதும், ஆனால் ஒரு ஏ.சி.யின் காற்று ஒரு பக்கம்தான் விழும், புழுங்குகிறவர்கள் அதன் கீழும் நடுங்குகிறவர்கள் சன்னலோரமும் போக வேண்டும், கணக்கு எப்படிப் போட்டாலும் இரண்டு பேர் இடம் மாறி நின்றார்கள். மூன்று முறை அழித்து எழுதினேன். நாலாவது முறை அவளே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அந்த ரெண்டு பேரு நாமதான்டி, பேனாவுல எழுதிட்டா மட்டும் சரியாயிடுமா?” என்றாள். பேனாவை மூடினேன். அவள் இயந்திரத்தின் கீழ், நான் சன்னலோரம், நடுவில் பன்னிரண்டு மேசை.

பத்து ஐம்பத்திரண்டு. இங்கிருந்து அவளுடைய கொண்டையும் கோப்பு அட்டையும் தெரிகின்றன... அட்டை அசைகிறது. ஏன் அசைகிறது? ஏ.சி.யின் நேர் கீழே இருந்துகொண்டு ஏன் விசிறுகிறாள், பழக்கமா, உண்மையாகவே புழுங்குகிறதா, பத்து நாளாகவே புழுங்கி எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாளா, நாலு வருடம் ஒரு காலை வேகவைத்துக்கொண்டு வாய் திறக்காதவள் ஆயிற்றே? கேட்காமல் விட்டால் திட்டம் வென்றுவிடும். கேட்டால், ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால், நானே எழுந்து நின்று கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும். படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கிறது. அவளுடைய உள்தொடர்பு எண்ணை அழுத்துகிறேன். “உண்மையச் சொல்லு, புழுங்குதா? புழுங்கினா இப்பவே சொல்லிடுறேன்.” அங்கே அட்டை நிற்கிறது. “கீழ போயி மூணு மாடி ஏறி வந்தேன்ல, அடங்கிடும். வை போனை, லைன்ல ஆள் நிக்கிறாங்க.”

கண்காணிப்பாளர் உள்ளே வந்தார், நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார், “என்ன, யாருக்காவது கஷ்டமா?” என்றார், இருபத்து மூன்று பேரும் பரீட்சை எழுதுகிறவர்களைப் போலக் குனிந்துகொண்டோம். “நல்லாத்தானேப்பா இருக்கு, ரெண்டும் ஓடுதா?” என்றார். “ஒண்ணுதான் சார்” என்றான் எதிர்மேசைத் தம்பி. அவர் கையிலிருந்த கடிதத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார், பிறகு, “அப்ப அந்த ரெண்டாவதக் கழட்டி என் ரூம்ல மாட்டிக்கலாமா?” என்றார், கூடமே ஒரே குரலில் “வேணாம் சார்!” என்று கத்திற்று, தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, தலைமை எழுத்தர் தாமே தலைமை தாங்கியதுபோல் கைதட்டினார், எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், நான் எழுந்து வணக்கம் வைத்து, மன்னிக்கவும் என்றேன், எதற்கு என்று தெரியவில்லை, பழக்கம். எவ்வளவு மகிழ்ச்சி அப்போது எனக்கு. பன்னிரண்டு மேசைக்கு அப்பால் அவளும் கையை உயர்த்தி அட்டையை ஆட்டினாள், சிரிக்கிறாளா விசிறுகிறாளா... ‘அடங்கிடும்’ என்றாளே, அந்தச் சொல் உண்மையா, உபசாரமா? முகம் தெரியாதவரின் மூச்சிலிருந்து அவர் வீட்டில் பாதிக் குடம்தான் மிச்சம் என்று கண்டுபிடிக்கிற காது இது, அதற்கு இவளுடைய குரல் மட்டும் பிடிபடவில்லை, இன்றுதானா, அல்லது எப்போதுமே அப்படித்தானா, தெரியவில்லை.

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஹீட்டர்கள், மூன்று. அலுவலகத்தில் சுவெட்டர் போடும் அவசியம், ஐந்து பேருக்கு. ஓர் ஏ.சி.யின் இரைச்சல், முழுவதுமாக. வலப்பக்கத்து இருக்கை, ஒன்று. அங்கிருந்து என் காதில் மட்டும் சொல்லப்பட்டுவந்த வேடிக்கைப் பேச்சு, நாளொன்றுக்கு நாலைந்து.