இரண்டு நாள் முந்திய வாழ்த்து

எனக்கு முன்கோபம் உண்டு, ஊருக்கே தெரியும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஆஸ்பத்திரியில் நான் கத்தியது கோபத்தால் அல்ல, பயத்தால்.

ஹனித்ரா மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மன் படிக்க மடகாஸ்கரிலிருந்து இங்கே ஜெர்மனிக்கு வந்தவள். பதினேழு வயது. ஒரு வருஷத்துக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். வந்து எட்டு மாதம் ஓடியிருந்தது. பள்ளிக்கூடம் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததைவிட என் கணவர் ஓன்னோ கற்றுக்கொடுத்ததுதான் அதிகம். கடலோர அணையைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. செம்மறியாடுகள் மேயும் அந்த அணைமேல் அவளையும் கூட்டிக்கொண்டு நடப்பார். வார்த்தை கிடைக்காமல் அவள் கையை ஆட்ட ஆரம்பித்தால் அப்படியே நின்றுவிடுவார்.

"கையைப் பாக்கெட்ல விடு. இப்பச் சொல்லு."

பாவம் அந்தப் பெண், எதிர்க்காற்றில் கோட்டுப் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பாள். அதுவரை மனுஷன் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டார். "ஊருக்குத் திரும்பறதுக்குள்ள உன்னையே சண்டையில ஜெயிச்சிடுவா பாரு, வீப்கே" என்று என்னைச் சீண்டுவார்.

ஓன்னோவுக்குப் புதன்கிழமை காலை இதய ஆபரேஷன். மறுநாள் வியாழக்கிழமை அவருடைய அறுபதாவது பிறந்தநாள். ஹனித்ராவின் வகுப்போ புதன் விடிந்ததும் பெர்லினுக்குச் சுற்றுலா கிளம்புகிறது. அதனால் செவ்வாய் மாலையே அவரைப் பார்க்க என்னோடு வந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து, கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.

"ஓன்னோ, உங்க அறுபதாவது பிறந்தநாளுக்கு..."

எங்கள் பக்கத்தில் பிறந்தநாள் வருமுன் யாரும் வாய் திறந்து வாழ்த்துவதில்லை. முதல்நாள் விருந்துக்குக் கூடினால்கூட மணி பன்னிரண்டு அடிக்கும்வரை எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். முந்திச் சொன்னால் பிறந்தநாள்காரர் அந்த நாளைப் பார்க்காமலே போய்விடுவார் என்று பயம். இதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாருக்குச் சொல்லத் தோன்றும்?

"வாயை மூடுடி! நாளைக்கு அவர் நெஞ்சைத் திறக்கப்போறாங்க. அதுக்குள்ள நீயே அவரை அனுப்பி வச்சிடுவே போலிருக்கே!"

"விடு வீப்கே. சின்னப் பொண்ணு, அவளுக்கென்ன தெரியும்?" என்றார் ஓன்னோ.

நான் விடவில்லை. விருட்டென்று வெளியே போய் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன். அவள் வந்து சேரப் பத்து நிமிஷம் ஆயிற்று. வீடு வரும்வரை காரில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

புதன்கிழமை ஆபரேஷன் மேஜையிலேயே ஓன்னோவின் உயிர் பிரிந்தது.

வியாழக்கிழமை காலையில் தபால்காரப் பெண் ஒரு கட்டு வாழ்த்து அட்டைகளை என் கையில் திணித்தாள். "இன்னிக்கு வீட்ல ஒரே கொண்டாட்டமா?" என்று சிரித்தாள். அவளுக்குச் சேதி தெரியாது. எல்லோரும் சரியாக அன்றைக்கே கிடைக்கும்படி பார்த்துப் பார்த்துத் தபாலில் போட்டிருந்தார்கள். அவருடைய தங்கை, அணை வேலைக்காரர்கள், பள்ளித்தோழர்கள். நான் ஒன்றையும் பிரிக்கவில்லை.

மத்தியானம் ஹனித்ரா வந்தாள். சேதி கேட்டு ஆசிரியை அவளை ரயிலேற்றி அனுப்பியிருந்தார். நேராக மாடிக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டு நானும் ஏறிப்போனேன். பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பறே?"

"வேற வீடு பாத்துத் தரச் சொல்லி மாணவர் பரிமாற்ற ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டேன். நான் இங்க இருக்கக்கூடாது."

"யார் சொன்னா?"

"உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அன்னிக்கு நீங்க வெளிய போனதும் முழுசாச் சொல்லிட்டேன். பாதியில நிறுத்தாதே, முடின்னார். முடிச்சேன். அதனாலதான் செத்துட்டார்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமையிலிருந்து என் மனதிலும் அந்த எண்ணம்தான் புழுவாகக் குடைந்துகொண்டிருந்தது. அதையே அவள் வாயால் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது.

"சொன்னதும் என்ன பண்ணார்?" என்று கேட்டேன்.

"பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேக்கலை, இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுன்னார். சொன்னேன். அந்தக் கட்டில்காரர் கை தட்டினார். ஓன்னோவுக்கு ஒரே சிரிப்பு. 'பாத்தீங்களா, எனக்கு அறுபது ஆயிடுச்சு'ன்னு அவர்கிட்டச் சொல்லிக்கிட்டார்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கீழே மேஜைமேல் அத்தனை அட்டைகள் கிடந்தன. அவற்றில் ஒன்றுகூட அவரை எட்டவில்லை. இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் அவருக்கு அறுபது வயதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவளையும் நான் வாயை மூடச் சொன்னேன்.

"துணியெல்லாம் திரும்ப எடுத்து வை," என்றேன். "அவர் இதயம் தாங்கலை, போயிட்டார். உன்னால இல்ல. அன்னிக்கு நான்தான் பேசக்கூடாததைப் பேசிட்டேன். ஆபீஸுக்கு நானே போன் பண்றேன்."

அவள் கையில் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொல்லலையா அவருக்கு?"

"இல்லை," என்றேன்.

முப்பத்து நான்கு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தினேன். ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, எதற்கோ காத்திருப்பவர்போல என்னையே பார்த்தார். நான் வியாழக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தேன்.