மடவைக் குஞ்சுகள் ஏறிய காலை

அவள் கையில் எப்போதும் பாட்டில்கள் இருக்கும். பழுப்புக் கண்ணாடியில் திருகு மூடி போட்டவை, ஒரு பெட்டிக்கு ஏழு. நகராட்சி ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிப்பது அவள் வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் விடிந்ததும், கால்வாய் கடலில் சேரும் முகத்துவாரத்தில் தொடங்கி மேலே இரும்புப் பாலம் வரை ஏழு இடங்களில் தண்ணீர் மொண்டு வருவாள். தெருவில் அவளுக்குப் பாட்டில் அக்கா என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பெயரை வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு, ஒரு மாதத்துக்கு அவளிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

படகு ஓட்டுவது அவளுடைய அண்ணன். அவரும் நகராட்சி ஊழியர்தான். கால்வாயில் மிதக்கும் குப்பையை வலைக்கூடையால் அள்ளுவது அவர் வேலை, செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் தங்கைக்குப் படகோட்டி. முதல் ஒன்பது வருடம் அவர்கள் அள்ளியதும் மொண்டதும் செத்த தண்ணீரைத்தான். சாயப்பட்டறைகள் சிவப்பை விட்டால் கால்வாய் சிவப்பாக ஓடும், நீலத்தை விட்டால் நீலமாக. தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டரை இறக்கினால் முள் அசையாது. "எதுக்கு இதை வாராவாரம் அளக்கற? பொணத்துக்கு நாடி புடிச்சிப் பாக்கற மாதிரி இருக்கு," என்பார் அண்ணன். அவள் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வாள்.

பிறகு வேலைகள் நடந்தன. சாயப்பட்டறைகளின் குழாய்கள் அடைக்கப்பட்டன. ஆள் உயரத்துக்குக் கிடந்த கறுப்புச் சேற்றை இயந்திரங்கள் இரண்டு வருடம் தோண்டி எடுத்தன. மணல் மூடிக் கிடந்த முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். வீடுகளின் கழிவுநீரெல்லாம் ஒரே குழாயில் சேர்ந்து, கால்வாய் வளையும் இடத்தில் ஏற்கெனவே இருந்த பம்பு ஹவுஸுக்கு வந்து, அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றப்பட்டது. வளைவுக்கு மேலே, ஆழம் குறைந்த பகுதியில், அலையாத்திக் கன்றுகளை வரிசையாக நட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மீட்டர் முள் மெல்ல எழுந்து மூன்றைத் தொட்டது. மீட்டர் பழுதாகிவிட்டது என்று நினைத்து, வேறொரு மீட்டரை வாங்கிவந்து அளந்தாள். அதுவும் மூன்று என்றது. அன்றைக்கு அண்ணன் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. படகிலிருந்து கையை விட்டுத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டே வந்தார்.

பம்பு ஹவுஸை நடத்துவது அண்ணி. அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொள்வதற்கு முன்பே அவள் பம்பு ஆபரேட்டர். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பம்பு மக்கர் பண்ணும்போது, உள்ளே சேரும் கழிவுநீர் தெருவில் பொங்காமல் இருக்க, கால்வாய்ப் பக்கம் ஒரு மதகு உண்டு. போன வருடம் ஒருநாள் அண்ணி அதை நாற்பது நிமிடம் திறந்துவிட்டாள், மேலே தகவல் சொல்லவில்லை. அடுத்த நாள் வளைவில் மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. பாட்டில் அக்கா பார்த்ததைப் பார்த்தபடி அறிக்கையில் எழுதினாள். அண்ணிக்கு மெமோ வந்தது.

அன்றிலிருந்து எட்டு மாதமாக அண்ணி அவளோடு நேரடியாகப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுவாள், தட்டில் குறைவில்லாமல் வைப்பாள், ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவளை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்து, "உங்க தங்கச்சிக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளுங்க," என்பாள். அண்ணன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கேட்டு, கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் படகு முகத்துவாரத்துக்கு வந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. முதல் பாட்டிலை இறக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கரையை ஒட்டி, ஒரு முழ அகலத்துக்கு, தண்ணீர் கறுப்பாக இருந்தது. யாரோ ஆயிலை ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்தாள். ஆனால் அந்தக் கறுப்பு நகர்ந்தது. அலை தள்ளும் பக்கம் நகராமல், தானாக, உள்ளே கால்வாயை நோக்கிப் போனது.

அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். கறுப்பு வந்து படகின் பக்கவாட்டைத் தொட்டதும் இரண்டாகப் பிரிந்து, படகைத் தாண்டி மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. அப்போதுதான் கண்கள் தெரிந்தன. விரல் நகம் அளவு உடம்பு, அதில் பாதிக் கண். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு. மடவை மீனின் குஞ்சுகள். கடலில் பொரித்தவை, வளர்வதற்கு இடம் தேடி உள்ளே வருகின்றன. எத்தனை ஆயிரம் என்று கணக்கிட அவள் முயன்றாள். ஒரு சாண் நீளத்தில் எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். கறுப்புக் கயிறு மாதிரி நீண்ட அந்த வரிசையின் பின்முனை கடலுக்குள் எங்கோ இருந்தது, கண்ணுக்கு எட்டவில்லை.

அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "முப்பது வருசமா இங்க ஒண்ணும் வரலையே," என்றார் மெதுவாக. "இதுங்களுக்கு யாரு சொன்னா?"

அவளுக்கு வேறொன்று சட்டென்று ஞாபகம் வந்தது. பம்பு ஹவுஸில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பேரிங் மாற்ற பிட்டர் பத்து மணிக்குத்தான் வருகிறார் என்று அண்ணன் நேற்று சொல்லியிருந்தார். மிச்சமிருக்கும் ஒரே பம்பு காலைத் தண்ணீரைத் தாங்காது. தாங்காவிட்டால் மதகு திறக்கும். மதகு இருப்பது வளைவில். குஞ்சுகள் போகும் வழி அதுதான்.

அண்ணிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. அண்ணன் செய்தார். பம்புச் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கும். படகில் போனால் எஞ்சின் குஞ்சுகளைச் சிதற அடித்துவிடும். அவள் கரையில் குதித்து, ஒரு கிலோமீட்டரும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். வழி நெடுக அந்தக் கறுப்புக் கயிறு அவள் கூடவே வந்தது. ஒரு இடத்தில்கூட அறவில்லை. கற்கள் இருந்த இடத்தில் வளைந்து, படித்துறையில் ஒடுங்கி, பழைய தூண்களைச் சுற்றி, மறுபடி நீண்டது. மூச்சு வாங்க அவள் நின்றபோதும் அது நிற்கவில்லை. வளைவுக்கு இருநூறு அடி முன்னால்தான் தலையைப் பிடித்தாள். நுனியில் பத்துப் பதினைந்து குஞ்சுகள், பின்னால் வரும் லட்சங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத மாதிரி, தண்ணீரை முட்டி முட்டி முன்னேறிக்கொண்டிருந்தன.

பம்பு ஹவுஸுக்குள் அண்ணி சேகரிப்புக் கிணற்றின் விளிம்பில் நின்று, சுவரில் வரைந்திருந்த அளவுக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கே கால் மீட்டர். நான்கரை வந்தால் திறக்க வேண்டும் என்பது விதி. ஓடிக்கொண்டிருந்த பம்பிலும் துணி சிக்கியிருந்தது. பாதித் தண்ணீரைத்தான் தள்ளியது.

"அண்ணி, மதகைத் தொறக்காதீங்க."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் செய்தி சொல்லப் புருஷன் இல்லை. "இந்த தடவை மேல தகவல் சொல்லிட்டுத்தான் தொறக்கப் போறேன். வேணும்னா அதையும் எழுதிக்க."

"எழுத வரலை. வெளிய வந்து ஒரே ஒரு நிமிசம் பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

அண்ணி ஒரு கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, வேண்டா வெறுப்பாக வெளியே வந்தாள். மதகின் மேல் இருக்கும் சிமென்ட் மேடையில் இருவரும் நின்றார்கள். கீழே கயிற்றின் தலை அப்போதுதான் வந்து சேர்ந்தது. மூடிய மதகின் இரும்பில் முட்டி, ஒரு கணம் தயங்கி, மோப்பம் பிடிக்கிற மாதிரி கலைந்து, பிறகு விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வெயில் சாய்வாக விழுந்ததில் கறுப்பு முழுக்க வெள்ளிக் கோடுகளாக மின்னியது. அவள் கண் கயிற்றின் வழியே பின்னால் போனது, படித்துறை வரை, தூண்கள் வரை, அதற்கும் அப்பால்.

"அது பூராவுமா?" என்றாள்.

"கடல் வரைக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியலை."

அண்ணி இருபது வருடமாகத் தினமும் இந்த மேடையில் நின்றிருக்கிறாள், கீழே நுரையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. பிறகு எழுந்தவள், ஏற்றம் முடிந்து கடல் எப்போது திரும்பும் என்று கேட்டாள். ஒன்பதே காலுக்கு என்றாள் பாட்டில் அக்கா. அதுவரை தாங்கினால் போதும். அதற்குள் இவை அலையாத்திப் பக்கம் ஏறிவிடும்.

"அதுவரைக்கும் இந்தப் பம்பு தாங்காது. நிறுத்திக் கழட்டி, துணியை எடுத்தாத்தான் முழுசா ஓடும். நிறுத்தினா அரை மணி நேரத்துக்கு ஒரு சொட்டு வெளிய போகாது." அண்ணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். "நாலு மீட்டர் எம்பதைத் தாண்டினா தாழ்வான தெருவுல மூடியைத் தூக்கிட்டு வரும். ஊர்லயே தாழ்வு எது தெரியுமில்ல. நம்ம தெருதான். நம்ம வீட்டுக் கக்கூஸ்லதான் மொதல்ல எட்டிப் பாக்கும்."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

அண்ணி முதலில் குடிநீர்த் தொட்டியில் வால்வு திறப்பவருக்குப் போன் போட்டாள். காலைத் தண்ணீரை எட்டு மணிக்குப் பதில் இப்போதே நிறுத்தச் சொன்னாள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் கழிவும் வராது. அவர் காரணம் கேட்டார். மீன் வருது என்றாள். மேலே யாராவது கேட்டால் உங்கள் பெயரைத்தான் சொல்வேன் என்றார். தாராளமாகச் சொல்லுங்கள் என்று வைத்தாள். ஊரில் பாதிப் பேர் தலையில் சோப்போடு நின்று அவளைத் திட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகும் தெருக்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது வந்துகொண்டுதான் இருந்தது. நான்கு மீட்டர் முப்பதில் மட்டம் ஏறுவது மெதுவானது. அண்ணி பம்பை நிறுத்தினாள்.

அந்த அமைதியில் இருவருக்கும் தங்கள் மூச்சுச் சத்தம் கேட்டது. எட்டு போல்ட். அண்ணி ஸ்பேனரைப் போட, பாட்டில் அக்கா மூடியைத் தாங்கிப் பிடித்தாள். உள்ளே கையை விட்டு அண்ணி இழுத்தாள். சேலைக் கிழிசல், சாக்கு, ஒரு குழந்தைச் சட்டை, தலைமுடியெல்லாம் முறுக்கேறிய கயிறாக விசிறியைச் சுற்றியிருந்தன. கத்தியால் அறுத்து அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. நாற்றத்தில் பாட்டில் அக்காவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. "நீ போய்க் கெணத்து மட்டத்தைப் பாரு," என்றாள் அண்ணி. நான்கு ஐம்பது. விதியின் கோடு தண்ணீருக்குள் போயிற்று. அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. நான்கு அறுபது. நான்கு எழுபது. கடைசிக் கந்தை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. தோள் வரை கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணி அதைப் பிடுங்கி எறிந்தாள்.

பம்பு மறுபடி ஓடியபோது மட்டம் நான்கு எழுபத்தாறு. அண்ணி தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள். முழுச் சத்தம். கோட்டைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள். தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. பிறகு இன்னொரு விரல்.

வெளியே வந்தபோது கயிறு இன்னும் போய்க்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் அண்ணன் தன் படகைக் குறுக்கே நிறுத்தியிருந்தார் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரியும். கடலிலிருந்து திரும்பிய மீன்பிடிப் படகுகளை அவர் கையைக் காட்டி நிறுத்தினார். என்ன ஏது என்று சத்தம் போட்டவர்கள் கீழே பார்த்ததும் எஞ்சினை அணைத்தார்கள். பதினொரு படகு. வாழ்நாளெல்லாம் மீனைப் பிடித்தே பிழைத்தவர்கள், ஒருவர்கூட வலையைத் தொடவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே நின்றிருந்தார்கள், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள் என்று அண்ணன் சொன்னார்.

ஒன்பது மணி வாக்கில் கயிறு மெலிந்து நூலானது. நூல் அறுந்து புள்ளிகளானது. கடைசியாக, தனியாக ஒரே ஒரு குஞ்சு வந்தது. "நீ எங்கடா போயிருந்த?" என்று கேட்டாள் அண்ணி. அது மேலே போய் மறையும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் கையிலும் கழுத்திலும் சேறு காய்ந்திருந்தது. பாட்டில் அக்கா ஏழு இடத்திலும் தண்ணீர் எடுக்கவே இல்லை. அறிக்கையில் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டு, மீன் வந்தது என்று மட்டும் எழுதினாள்.

விதியை மீறியதற்கும் குழாயை நிறுத்தியதற்கும் பொறியாளர் விளக்கம் கேட்டார். அண்ணி அவரை அலையாத்திக் கன்றுகளுக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் நிறுத்தினாள். கால் விரல்களைக் குஞ்சுகள் கொத்திப் பார்த்தன. அவர் விளக்கத்தை மறந்து, மூன்றாவது பம்பு வேண்டும் என்று தானே மேலே எழுதினார். அது வந்து சேர எட்டு மாதம் ஆனது. அதுவரை எந்தப் பம்பைப் பிரிப்பதானாலும் கடல் ஏறும் நேரத்தை அண்ணி முதலில் நாத்தனாரிடம் கேட்டுக்கொண்டாள்.

குஞ்சுகள் உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்த சமயம். ஒருநாள் முற்பகல், அண்ணி பம்பு ஹவுஸில் தனியாக இருந்தபோது, காற்று கசிகிற சத்தம் கேட்டது. "பூஸ்" என்று ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று. குழாய் மூட்டுகளைத் தடவிப் பார்த்தாள். வால்வுகளில் காது வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சத்தம் வெளியிலிருந்து வந்தது.

மேடைக்குப் போனாள். வளைவின் நடுவே தண்ணீர் உப்பி, ஒரு சாம்பல் நிற முதுகு எழுந்தது. தலையிலிருந்து மூச்சு பீறிட்டு, பனித்துளி மாதிரி அவள் முகத்தில் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் வயிற்றோரம் ஒட்டிக்கொண்டு, பாதி அளவில் ஒரு குட்டி. மூன்று டால்பின்கள், நகரத்தின் நடுவே, மடவைகளை விரட்டிக்கொண்டு வந்திருந்தன. குட்டி பக்கவாட்டில் புரண்டு, ஒரு கண்ணால் அவளை நிமிர்ந்து பார்த்தது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவில்லை. அவை போகும் வரை, நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அதைச் சொல்ல முயன்றாள். எவ்வளவு பெரிது என்று கையை விரித்துக் காட்டினாள், போதாமல் கீழே போட்டாள். அண்ணனும் நாத்தனாரும் காத்திருந்தார்கள்.

"மூச்சு விட்டுச்சு," என்றாள் கடைசியில், நாத்தனாரைப் பார்த்து. "நம்மள மாதிரியே மூச்சு விட்டுச்சும்மா."