பெரெஜிங்கா ஊர் மெட்டு

லைசர் ஸ்பீவாக் அந்த மெட்டைப் போட்டது புரூக்ளினில், ஒரு சலவைக் கடையில். மெஷினில் துணி சுற்றி முடிகிறவரை வேறு வேலையில்லாமல் முனகிக்கொண்டே இருந்து, கடைசியில் ஒரு சோப்பு அட்டையின் பின்பக்கம் எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்து என் சாக்ஸ்களுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்த நான்தான் இதற்கு சாட்சி.

எங்கள் குழுவில் லைசர் கிளாரினெட், நான் அக்கார்டியன். என் பெயர் ஃபிரேடா. எங்கள் அப்பாக்கள் கேட்கவே கூச்சப்பட்ட, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் கல்யாண மெட்டுகளையும் யிட்டிஷ் மொழிப் பாட்டுகளையும் நாங்கள் மறுபடி தேடிப்பிடித்து வாசிக்கக் கிளம்பியிருந்த எண்பதுகள் அவை. ஒவ்வொரு டிசம்பரிலும் கேட்ஸ்கில் மலையில் ஒரு பழைய ஹோட்டலில் ஒரு வாரம் கூடுவோம். கடைசி நாள் கச்சேரி.

நடத்தியவர் டாக்டர் நோர்மன் ஃபிங்க். அவருக்கு ஒரே சட்டம்தான். யாரிடம் கற்றது, எந்த ஊர் மெட்டு என்று சொன்னால்தான் மேடை. முதல் வருடம் லைசர், "நானே போட்டது" என்று பெருமையாக வாசித்துக் காட்டினான். நோர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நாம இங்க காப்பாத்த வந்திருக்கோம். புதுசா சேக்க வரலை."

அடுத்த வருடம் லைசர் அதே மெட்டை வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வாசித்தான்.

"யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்றார் நோர்மன்.

"பிராங்க்ஸ்ல ஒரு முதியோர் இல்லம், டாக்டர். அங்க இருந்த ஒரு பெரியவர். போன மாசம்தான் போய்ச் சேர்ந்தார்."

"அவருக்கு எந்த ஊர்?"

லைசர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"பெரெஜிங்கா" என்றான்.

நோர்மனின் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா? இதுல மண்வாசனை இருக்கு. போன வருஷம் நீ கொண்டாந்த சரக்குல இது இல்லவே இல்லை."

வெளியே வந்ததும் லைசர் சுவரில் சாய்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நிஜமாகவே இருந்து, பிறகு இனப்படுகொலையில் ஆளே இல்லாமல் போன ஊர்கள் எங்களுக்கு எத்தனையோ. அந்த வரிசையில் இட்டுக்கட்டிய ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்துவது சரியா? கேட்டேன். "ஒரு கச்சேரிதானே, விடு" என்றான்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் நோர்மன் எழுந்து பெரெஜிங்காவைப் பற்றி அறிவித்தார். லைசர் வாசித்தான். முடித்ததும் ஹெர்ரிங் மீன் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். புளூமா கார்பர். அறுபதைத் தாண்டியவள். தொப்பித் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெஷின் ஓட்டிய கை, பேசும்போதும் சும்மா இருக்காது.

"பெரெஜிங்காவா?" என்றாள். "நான் பொறந்ததே அங்கதான்!"

லைசர் கிளாரினெட்டை ஊன்றுகோல் மாதிரி பிடித்துக்கொண்டான்.

"ஆத்தங்கரையில மாவு மில்லு, அதுக்கு எதுத்தாப்ல எங்க வீடு. இந்த மெட்டுக்கு ஆடாத கல்யாணமே கிடையாது. ஆனா இந்தப் பையன் மூணாவது பகுதியை முழுங்கிட்டான்!"

"முழுங்கிட்டேனா?" என்றான் லைசர்.

"ஆமாண்டா. இப்படிப் போகும், கேட்டுக்கோ." கையால் மேசையைத் தட்டிக்கொண்டே பாடினாள்.

வயிற்றெரிச்சலான விஷயம், அது லைசரின் இரண்டு பகுதிகளையும்விட நன்றாக இருந்தது. நோர்மன் எழுதிய வேகத்தில் பென்சில் முனை உடைந்தது. அதற்குள் மூலையிலிருந்து ஒருவர், "மில்லு கரையில இல்ல, பாலத்துக்குப் பக்கத்துல. என் மாமனார் சொல்லியிருக்கார்!" என்று கத்தினார். புளூமா விடவில்லை. "உங்க மாமனாருக்குக் கண்ணு தெரியுமா?" கால் மணி நேரம் சண்டை.

பிறகு தாழ்வாரத்தில் லைசர் அவளை மடக்கினான்.

"அம்மா, அப்படி ஒரு ஊரே கிடையாது."

"தெரியாமலா சொன்னேன்?"

"அப்புறம் ஏன்?"

"போன வருஷம் நான் ஒரு பாட்டு பாடினேன். தொப்பி தைக்கிறப்போ நாங்க பொம்பளைங்களே சேர்ந்து கட்டின பாட்டு. உங்க டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? 'நியூயார்க் தொழிற்சாலைப் பாட்டெல்லாம் கணக்குல வராது'ன்னார். இன்னிக்கு என் மெட்டை எழுதி எழுதிப் பென்சிலையே ஒடைச்சார் பாரு! நீ ரெண்டு பங்கு புளுகினே, நான் ஒரு பங்கு. என்னோடது கொஞ்சம் ஒசத்தி."

"நிஜமா நீங்க பொறந்த ஊர் எது?" என்று நான் கேட்டேன்.

அவள் கை முதல்முறையாக அசையாமல் நின்றது. "அதை இந்த விளையாட்டுல இழுக்க மாட்டேன்மா" என்றாள்.

அந்தப் பதில் லைசரைக் குத்தியிருக்க வேண்டும். நேராக நோர்மனின் அறைக்குப் போனான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் மேசையில் உக்ரைன் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்.

"டாக்டர், மன்னிச்சிடுங்க. அந்த மெட்டு நான் போட்டது. ஊரும் என் கற்பனை."

நோர்மன் நிமிர்ந்து, பரிவோடு சிரித்தார். "லைசர், உனக்கு அடக்கம் வேணும். அந்த மாதிரி ஒரு மெட்டு போட உன்னால முடியுமா? நீயே சொல்லு."

"சலவைக் கடையில போட்டேன், டாக்டர்! இவளைக் கேளுங்க!"

"கேக்கவே வேண்டாம். ஊரையும் கண்டுபிடிச்சுட்டேன், பாரு." பென்சிலால் ஒரு புள்ளியைக் காட்டினார். "இப்போ வேற பேரு. அவ்வளவுதான்."

பொய்யை நம்பியவர் உண்மைக்கு மசியவில்லை. நான் சத்தியம் செய்தேன். நட்புக்காகப் பேசுகிறாய் என்றார். வாழ்க்கையில் தான் போட்ட ஒரே நல்ல மெட்டைத் தன்னுடையது என்று நிரூபிக்க முடியாமல், லைசர் அன்று சாயங்காலம் சூப்பைக்கூடத் தொடவில்லை.

கச்சேரியில் மூன்று பகுதிகளையும் வாசித்தோம். இரண்டாவது சுற்றிலேயே நாற்காலிகள் ஓரம் போய்விட்டன. எல்லோரும் கைகோத்து ஆடினார்கள், நோர்மன் உட்பட. மெட்டு அவர் தொகுத்துவந்த பழைய மெட்டுகளின் புத்தகத்தில் ஏறியது, பெரெஜிங்காவின் பெயரோடு.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் லைசரும் நானும் புது மெட்டு போட புளூமாவின் வீட்டுக்குப் போக ஆரம்பித்தோம். அவள் வெட்டுவாள், அவன் ஒட்டுவான். "இது மெட்டா, பல்வலியா?" என்பாள். ஆறு மாதத்தில் நாலு மெட்டுகள் தேறின. எதற்கும் ஊர் வைக்கவில்லை. அது புளூமா போட்ட நிபந்தனை.

ஜூனில் அவளுடைய தொழிற்சாலைத் தோழியின் மகளுக்குக் கல்யாணம். புது மெட்டுகளில் ஒன்றை அங்கே எடுத்தோம். மணப்பெண்ணின் சித்தப்பா வேர்க்க வேர்க்க ஆடிக்கொண்டே மேடையோரம் வந்தார்.

"யாருதுப்பா இது?"

லைசர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தான். "நானும் புளூமா அம்மாவும் போட்டது" என்றான், கொஞ்சம் பயந்துகொண்டே.

"இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு ஏன்யா நிறுத்துறே? வாசி, வாசி!"

புளூமா அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஆட்டத்தில் இறங்கியிருந்தாள்.