அக்கா கொண்டுவந்த வெள்ளிக்காசு

பழைய காசு வாங்கி விற்கும் கடை என்னுடையது. முப்பத்தைந்து வருடமாக ஒரே பாட்டுதான்: "தேய்க்காதீங்க, கழுவாதீங்க, துடைக்கக்கூடச் செய்யாதீங்க." யார் கேட்கிறார்கள்? கறுத்த காசை எலுமிச்சம்பழம் போட்டு விளக்கி, புது மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கோடி கேட்பார்கள். எனக்கு அலுத்துவிட்டது.

அன்று மத்தியானம் அக்கா வந்தாள். அவளுக்குக் காது மந்தம். மிஷின் வைத்தால் பேத்தி பேசுவது கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிஷின் விலையைச் சொன்னபோது மட்டும் அவளுக்கு நன்றாகவே கேட்டதாம். பஞ்சில் பொதிந்த வெள்ளிக்காசு ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"மிஷினுக்கு இது போதுமான்னு பாருடா."

விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். எடை சரி. முகம் தேய்ந்து மூக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. வருடத்தில் கடைசி எண் பாதிதான் தெரிந்தது. விளக்கைச் சாய்த்து லென்ஸில் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே கடுகளவு ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வைத்து அடித்தது ஒரே ஒரு வருடம்தான். இவ்வளவு தேய்ந்திருந்தும் இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கலாம்.

காசை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மேலெல்லாம் மயிரிழைக் கீறல்கள், வட்டம் வட்டமாக. புழங்கித் தேய்ந்தது வேறு, வேண்டுமென்றே தேய்த்தது வேறு. வாங்குகிறவன் இதைத்தான் முதலில் பார்ப்பான். இனி கால்வாசி விலை கிடைத்தால் பெரிது. ஒரு காதுக்குக்கூடக் காணாது.

மெல்லச் சொல்ல வேண்டியதையும் அக்காவிடம் கத்தித்தான் சொல்லவேண்டும். எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"எந்தப் புண்ணியவான்க்கா இதைத் தேய்ச்சது? மொத்தமா கெடுத்துட்டானே!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னையே பார்த்தாள்.

"நீதான்டா. என் கல்யாணத்துக்கு முந்தின நாள் பல்பொடி போட்டுக் கட்டைவிரல் தோல் போற வரைக்கும் தேய்ச்சே. கறுத்த காசைக் குடுத்தா மாப்பிள்ளை வீட்ல சிரிப்பாங்கன்னு."

அப்போது எனக்குப் பதினாறு வயது. பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்து, முதல் சம்பளத்துக்குப் பதிலாகக் கேட்டு வாங்கிய காசு அது. அடியோடு மறந்துபோயிருந்தேன். ஊரையெல்லாம் திட்டிய நானேதான் இதைத் தேய்த்திருக்கிறேன். அவமானமாக இருந்தது.

"நானே முழு விலைக்கு எடுத்துக்கறேன்க்கா!"

"நீ தேய்ச்சுக் குடுத்ததை உனக்கே விக்கவா? போடா. மிஷின் வேண்டாம், எல்லாரும் கத்தியே பேசுங்க."

மறுபடி பஞ்சில் சுற்றப்போனாள். பஞ்சு ஈரம் இழுக்கும். வாங்கிக் காகித உறையில் போட்டு அவள் உள்ளங்கையில் வைத்தேன். மன்னித்துவிடு என்றேன்.

"என்ன சொன்னே? கேக்கலை, கத்திச் சொல்லு."

எனக்குக் கத்த வரவில்லை.