தங்கச்சி கேட்காத வாய்தா

1.
இந்தக் கதை என் மனதில் ஊறி வந்ததல்ல, தொலைபேசியில் வந்தது. பத்திரிகை ஆசிரியர் ஒரு பெண் வக்கீலைப் பற்றிக் கதை கேட்டார். "கடைசியில கொஞ்சம் கண்ணீர் இருக்கட்டும்," என்றார். ஆண் வக்கீல் கதைக்கு அவர் கண்ணீர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இருந்தாலும் தலையாட்டிவிட்டேன். தொலைபேசியில் தலையாட்டி என்ன பயன் என்று பிறகுதான் உறைத்தது.

2.
முதல் தொடக்கம்: கருப்பு அங்கிக்குள் பூங்கொடி போல அவள் நீதிமன்றத்துக்குள் நுழைந்தபோ

(அடித்துவிட்டேன். இதுவரை எந்த ஆண் வக்கீலின் இடுப்பையும் நான் அளந்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம்: குழந்தைக்குக் காய்ச்சல். மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுப்பில் பால்

(இதுவும் வேண்டாம். வழக்கு நடப்பது நீதிமன்றத்தில், சமையலறையில் இல்லை.)

மூன்றாவது: வக்கீலம்மாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3.
வக்கீலம்மா தொழிலுக்கு வந்து பத்து வருஷம். அவளுடைய சீனியர் நல்ல மனிதர். "சத்தம் போட்டு வாதாடுறதெல்லாம் உனக்கெதுக்கும்மா," என்று அக்கறையாக அவளுக்கு ஒரே ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்தார். அவர் வர முடியாத நாட்களில் எழுந்து நின்று வாய்தா* கேட்க வேண்டும்.

* வாய்தா என்பது வழக்கை வேறொரு நாளைக்குத் தள்ளிவைப்பது. அதைக் கேட்கவும் சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதுதான் வேடிக்கை.

அன்றும் சீனியர் வரவில்லை. ஃபோனில் வாய்தா வாங்கிவிடச் சொன்னார். வழக்கு தையற்கடைக்காரம்மாவுடையது. கட்டட உரிமையாளர் கடையைக் காலி செய்ய வைத்துவிடாதபடி வாங்கியிருந்த தடை உத்தரவு அன்று மாலையோடு முடிகிறது. வெறும் வாய்தா வாங்கினால் மறுநாள் கடைக்குப் பூட்டு. இதை அவள் சொல்வதற்குள் சீனியர் ஃபோனை வைத்துவிட்டார்.

கடைக்காரம்மாவோ வக்கீலம்மாவை ஏற இறங்கப் பார்த்து, "பெரிய வக்கீல் வரலையாம்மா?" என்றார். (இதை வைத்துப் பிரசங்கம் செய்யமாட்டேன். பிழைப்பு போகிற பயத்தில் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.)

4.
வழக்கை அழைத்தார்கள். வக்கீலம்மா எழுந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் நீதிபதி நாட்காட்டியைப் புரட்டத் தொடங்கிவிட்டார். எல்லாம் பழக்கதோஷம். எதிர்த்தரப்பு வக்கீலும் பெருந்தன்மையாக, "தங்கச்சி வாய்தாதான் கேட்பாங்க. எனக்கு ஆட்சேபணை இல்லீங்கய்யா," என்றார்.

"வாய்தா வேண்டாங்கய்யா. நான் வாதாடத் தயார்."

நாட்காட்டி பாதியில் நின்றது. எதிர்த்தரப்பு வக்கீல் தன் மேசையைப் பார்த்தார். அங்கே மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் இருந்தது. இவள் எழுந்தால் வாய்தாதானே என்று மனிதர் வழக்குக் கோப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அசடு வழிய அவரே வாய்தா கேட்டார்.

ஆட்சேபணை உண்டா என்று நீதிபதி வக்கீலம்மாவிடம் கேட்டார். இந்தப் பத்து வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

5.
இங்கே எனக்குக் கை ஓடவில்லை.

முடிவு அ: இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறாள். தங்கமான பெண் என்று பெயர். கடைக்குப் பூட்டு.

முடிவு ஆ: விளாசித் தள்ளுகிறாள். திமிர் பிடித்தவள் என்று வராந்தா முழுக்கப் பேச்சு.

ஆண் வக்கீலாக இருந்தால் நான் இப்படி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் குணத்தை யார் கேட்டார்கள்? எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதனால் மூன்றாவதாக ஒரு

அதற்குள் வக்கீலம்மா பேசிவிட்டார்.

"ஆட்சேபணை இல்லீங்கய்யா. அடுத்த வாய்தா வரைக்கும் தடையை நீட்டிச்சிடுங்க. அன்னிக்கு நான்தான் வாதாடுவேன். அண்ணன் கோப்போட வரட்டும்."

இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவேயில்லை. சட்டம் படித்தவர் அவர், நான் இல்லை. (ஆமாம், 'அவர்'. மற்ற எல்லோருக்கும் அப்படிப் போட்டுவிட்டு இவரை மட்டும் இவ்வளவு நேரம் 'அவள்' என்று எழுதியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.)

6.
நீதிபதி பேனாவைத் திறந்துவிட்டார். கடைசி வரிசையில் கடைக்காரம்மா கடைச் சாவியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். உத்தரவை நான் எழுதப்போவதில்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன், நீங்களே எழுதுங்கள். ஆசிரியர் கேட்ட கண்ணீர் அப்படியே மிச்சமிருக்கிறது. வேண்டுமென்றால் அதை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொடுத்துவிடுங்கள்.