இரண்டு அங்குல ஆணி என்ன விலை?

ஒரு பெண் பத்திரமாக வீடு திரும்ப விலை பதினெட்டு ரூபாய், நாற்பதாக எடுத்தால் பதினைந்து, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நான், பன்னிரண்டு என்று அவள்... விசில்தான், வெறும் தகர விசில், விளையாட்டு வாத்தியார்களைத் தவிர என் இரும்புக் கடையில் யாரும் சீண்டாத சரக்கு, அதில் நாற்பது கேட்கிறாளே இந்தக் கல்லூரிப் பெண், பந்தயம் ஏதாவதா என்றால், "எங்க ஹாஸ்டல் மாடிக்கு அங்கிள், ஆளுக்கு ஒண்ணு, சாவிக்கொத்துல மாட்டிக்க" என்கிறாள், சோப்பு வாங்குகிறவளைப் போல. ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, சத்தம் கம்மியானதைத் தள்ளி வைக்கிறாள். "ஊதினதெல்லாம் உன் கணக்குதாம்மா" என்றேன். "ஊதிப் பாக்காதது எனக்கெதுக்கு அங்கிள்?" முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன், அவள் தள்ளி வைத்ததையெல்லாம் நானே பெட்டியில் திருப்பிப் போட்டேன். பதின்மூன்றுக்கு முடிந்தது. சும்மாவே கொடுத்துவிடலாமா என்று தோன்றியது, வேண்டாம், பேரத்தில் ஜெயித்தவளிடம் போய்த் தானம் பேசுவதா...

பையைத் தூக்கியவள் கிளம்பவில்லை, போனைக் காதில் வைத்து, "அம்மா, இன்னைக்கு என்ன சமையல்? இல்ல இல்ல, வைக்காத, விவரமா சொல்லு" என்கிறாள் உரக்க, கண் மட்டும் வெளியே, விளக்குக் கம்பத்தடியில் பைக்கில் சாய்ந்திருந்த தொப்பிக்காரன் மேல். அவன் மணி பார்ப்பதுபோல் பாவனை செய்தான், வண்டியைக் கிளப்பினான், போனான். என்னம்மா அது? "பஸ் ஸ்டாப்லேர்ந்து பின்னாடியே வந்தான் அங்கிள். பேசிட்டே இருந்தா கிட்ட வர யோசிப்பாங்க. நாங்க எல்லாருமே செய்வோம்." அம்மாவுக்குத் தெரியுமா? சிரித்தாள். "சொன்னா படிப்ப நிறுத்திருவாங்க. அதான் சமையல் கேக்கறது."

அவள் போய்விட்டாள், எனக்குத்தான் தராசு ஆடுகிறது, நிற்கவே இல்லை... என் மகள், வெளியூர்க் கல்லூரியில் இரண்டாவது வருஷம், லேப் முடிந்து தினமும் ஐந்து நாற்பதுக்கு என்னைக் கூப்பிடுகிறாளே, "அப்பா, ரெண்டங்குல ஆணி என்ன விலை?" என்று. தொழில் ரத்தம், வாரிசு தயார் என்று பெயின்ட் கடைக்காரரிடம் எத்தனை நாள் மார்தட்டியிருப்பேன், "பாத்துய்யா, உன்ன வீட்டுக்கு அனுப்பிடப் போறா" என்பார் அவர், பெயர்ப்பலகையில் 'மற்றும் மகள்' சேர்க்க ஆர்ட்டிஸ்டிடம் ரேட் கூடக் கேட்டாயிற்று. ஆணி விலை மாதத்துக்கு ஒருமுறைகூட மாறாது, தினமும் எதற்குக் கேட்கிறாள் என்று யோசிக்காத நான் வியாபாரியா? லேபிலிருந்து ஹாஸ்டலுக்கு ஒரு நீள மதில்சுவர், சேர்க்கப் போனபோது நானும் நடந்தேன், அன்றுதான் சொன்னேன், "ஏதாவது ஒண்ணுன்னா மூட்டையக் கட்டிட்டு வந்துடணும்." நான்தான் சொன்னேன். பத்தொன்பது வயதில் எப்பேர்ப்பட்ட மூளை, பயத்தை ஆணியாக்கி எனக்கே விற்றிருக்கிறாள், நானும் ஒரு கேள்வி கேட்காமல் வாங்கியிருக்கிறேன்...

ஐந்து நாற்பது. போன் அடித்தது. "அப்பா, ரெண்டங்குல ஆணி என்ன விலை?" குரலில் மூச்சு வாங்குகிறது, இதை எப்படி இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன்? தெரிந்துவிட்டது என்று சொல்லவா? சொன்னால் நாளை கூப்பிடாமல் போய்விட்டால்? அரை அங்குலத்திலிருந்து ஆரம்பித்தேன், முக்கால், ஒன்று, ஒன்றரை, கான்கிரீட் ஆணி, துரு ஏறாத ஆணி, அப்புறம் கீல், அப்புறம் தாழ்ப்பாள், வாடிக்கையாளர் ஒருவர் கல்லாவைத் தட்டுகிறார், தட்டட்டும். "என்னப்பா இன்னைக்கு, கடையில கூட்டம் இல்லையா?" இல்லம்மா, நீ கேளு. தாழ்ப்பாளிலிருந்து மறுபடி தொடர்ந்தேன், பிறகு கேட் கிறீச்சிடும் சத்தம். "ஹாஸ்டல் வந்துட்டேன்பா."

போனைப் பார்த்தேன். நாலு நிமிஷம் இருபது விநாடி. அதற்குக் கீழே நேற்று, முந்தாநாள், போன வாரம், எல்லாம் நாற்பது விநாடி, முப்பத்தைந்து, நாற்பது... எல்லா நாளும் என் பதில், 'கிலோ நூத்திப் பத்து, வைம்மா, கூட்டமா இருக்கு.' ஆக, பாதை நாலு இருபது, நான் கூட நடந்தது நாற்பது விநாடி, பாக்கி மூன்று நிமிஷம் நாற்பது. ஒவ்வொரு நாளும். அந்த மூன்று நாற்பதுக்கு, அணைந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் யாரிடம் ஆணி விலை கேட்டுக்கொண்டு நடந்தாள்?